காதலித்தவனை வெட்டினார்கள், காவலுக்கு நிறுத்தினார்கள்!

"நம்ம குலதெய்வம் இதைப் பொறுக்காது!"

போன ஆடி மாதம் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் என் காதில் விழுந்த வார்த்தை இது. சொன்னவர் ஒரு ஜாதிச் சங்கப் பெரியவர். விஷயம் வேறொன்றுமில்லை. ஊர்ப் பெண் ஒருத்தி வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பக்கத்துத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கொண்டிருக்கிறார்கள்; இங்கே பெரியவர் அம்மன் பேரால் தீர்ப்பு வாசித்துக் கொண்டிருக்கிறார். சுற்றி நின்ற ஐந்தாறு பேர் தலையை ஆட்டினார்கள். அதில் இரண்டு பேர் நம்முடைய சங்கத்துத் தோழர்கள்.

பெரியவர் பேசியதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார். அது அவருக்குப் பிழைப்பு. நம் தோழர்கள் இருவர் தலையாட்டினார்களே, அதற்காக எழுதுகிறேன்.

பெரியவரே, ஒரு கேள்வி. எந்தக் குலதெய்வம் பொறுக்காது? பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்!

எல்லையில் நிற்பவன் யார்?

மதுரை வீரன் பொறுக்க மாட்டானா? தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அவன் கையில் அரிவாளோடு நிற்கிறான். இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. யார் அந்தப் பெண்கள்? ஒருத்தி பொம்மி. பாளையக்காரன் பொம்மண நாயக்கன் மகள். வீரனோ செருப்புத் தைக்கும் அருந்ததியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுக்குக் காவல் போட்டிருந்த குடிசைக்குள் அவன் புகுந்தான். அவள் அவனோடு புறப்பட்டாள். அப்பன் படை திரட்டிக் கொண்டு விரட்டினான். இன்றைக்குப் பெரியவர் எந்தக் குற்றத்தைச் சொல்கிறாரோ அதே குற்றத்தைத்தான் பெரியவர் கும்பிடும் சாமி செய்தது!

அப்புறம் என்ன நடந்தது? மதுரைச் சீமையில் திருடர் தொல்லையை அடக்க ராஜாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. வீரனைக் கூப்பிட்டார்கள். காவலுக்கு அவன் தேவைப்பட்டான். வேலை முடிந்தது. அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு அவனைப் பிடித்தார்கள். மாறு கால், மாறு கை வாங்கினார்கள். துண்டு துண்டாய்க் கிடந்தவனுக்கு மதுரை மீனாட்சி கோவிலின் கிழக்கு வாசலில் சந்நிதி வைத்தார்கள். செத்த பிறகும் வாசல் காவல்தான், உள்ளே இடமில்லை.

காத்தவராயன் பொறுக்க மாட்டானா? காவல்காரக் குடும்பத்தில் வளர்ந்தவன். பிராமணப் பெண் ஆரியமாலா மேல் ஆசைப்பட்டான். கழுமரத்தில் ஏற்றிக் கொன்றார்கள். இன்றைக்கும் அவன் கோவில் திருவிழாக்களில் கழுமரம் நடுகிறார்கள். கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலே காத்தவராயன் கூத்து ஆடுகிறார்கள். கழுவேறும் கட்டம் வரும்போது கூட்டம் கண்ணீர் விடுகிறது. கூத்தில் அழுகிற கண், தெருவில் ஏன் வறண்டு போகிறது?

முத்துப்பட்டன் பொறுக்க மாட்டானா? திருநெல்வேலிச் சீமைக் கதை. பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் காதல் கொண்டான். பகடை என்ன சொன்னார்? "உன் குடுமியை எடு, பூணூலை அறு, எங்களோடு உட்கார்ந்து செருப்புத் தை, பிறகு பெண் கேள்" என்றார். பட்டன் அப்படியே செய்தான். மாட்டு மந்தையைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டு உயிரை விட்டான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவன் நிற்கிறான். அவனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! ஜாதி பார்த்தால் வாசலுக்கு வெளியே விட வேண்டிய செருப்பு அங்கே சாமிக்கு முன்னால் வைக்கப்படுகிறது.

இந்த மூன்று பேரும் காதலித்தவர்கள். மூன்று பேரும் ஜாதி வேலியைத் தாண்டியவர்கள். மூன்று பேரும் வெட்டுக்கோ கழுவுக்கோ பலியானவர்கள். மூன்று பேரையும் காவல் தெய்வமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். இவர்களா பொறுக்க மாட்டார்கள்? வாய் இருந்தால் இவர்கள்தான் முதலில் கேட்பார்கள்: "எங்களை வெட்டினது போதாதா?"

பிறப்பைத் திருத்திய பேனா

கொலை செய்தவன் சும்மா இருக்கவில்லை. கதையையும் திருத்தினான்.

மதுரை வீரன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையாகவே பாளையக்காரன் மகளைக் கட்டினான் என்று சொன்னால் ஜாதி மானம் என்ன ஆவது? ஆகவே, "அவன் உண்மையில் காசி ராஜாவின் மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டுவிட்டார்கள், செருப்புத் தைப்பவர் எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான்" என்று கதை கட்டினார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' படமும் இதே பாதையில்தான் போனது. கொட்டகையில் விசிலடித்த உழைப்பாளி ஜனங்களுக்கு வீரன் தங்கள் வீட்டுப் பிள்ளை. படமோ அவனுக்கு ராஜ ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் பொம்மியைக் கொடுத்தது.

முத்துப்பட்டன் கதையிலும் இதே மோசடி. பின்னால் வந்த வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணக் குழந்தைகளே, காட்டில் கிடந்தவர்களைப் பகடை வளர்த்தார் என்று ஒட்டுப் போட்டார்கள். இந்த ஒட்டைப் பிரித்துக் காட்டியவர் நம்முடைய தோழர், பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). நாங்குநேரியில் பிறந்தவர்; வில்லுப்பாட்டுக்காரர்களிடமும் ஏட்டுச் சுவடிகளிலும் இந்தக் கதைகளைத் தேடித் திரட்டி அச்சேற்றியவர். நாட்டுப்புறக் கதை என்று படித்தவர்கள் மூக்கைச் சுளித்த காலத்தில், இது உழைக்கும் மக்களின் சரித்திரம் என்று எடுத்துச் சொன்னவர்.

இந்த ஒட்டு வேலை என்ன சொல்கிறது? காதலைக் கதையிலே மன்னிக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அந்தஸ்து என்று கடைசியில் நிரூபிக்க வேண்டும். ஜாதி தாண்டிய காதல் நடந்ததாக எழுத்தில் ஒரு சாட்சிகூட மிஞ்சக் கூடாது. கொன்றவன் சாட்சியைக் கலைக்கிறான் தோழர்களே! இதைக் கோர்ட்டில் செய்தால் குற்றம்; புராணத்தில் செய்தால் புண்ணியமா?

பெரிய சாமிகளுக்கு வேறு சட்டம்

எல்லைச் சாமிகளை விடுங்கள். பெரிய கோவிலுக்குள் போவோம்.

இங்கிருந்து தெற்கே போனால் திருப்போரூரில் முருகன். முருகனின் காதல் எப்படி நடந்தது? கந்தபுராணம் சொல்கிறது: வேடர் தலைவன் நம்பியின் மகள் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டிக் காவல் காத்துக் கொண்டிருந்தாள். முருகன் வேடனாக வந்தான், கிழவனாக வந்தான், அண்ணனை யானையாக வரவழைத்துப் பெண்ணைப் பயமுறுத்தினான். கடைசியில் இரவோடு இரவாக அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அப்பனும் ஆட்களும் வில்லோடு துரத்தினார்கள். விழுந்தவர்கள் துரத்தியவர்கள்; பிறகு அவர்களை உயிர்ப்பித்து, அவர்கள் கையாலேயே தாரை வார்த்துக் கல்யாணம் நடந்தது.

கவனியுங்கள். தினைக்காட்டில் கூலிவேலை போலக் காவல் காத்த பெண். அந்நிய குலத்து ஆண். ஓடிப்போன கல்யாணம். துரத்தி வந்த உறவினர். பெரியவர் டீக்கடையில் சொன்ன அதே கதை! இதற்கு முருகன் கோவில்களில் வருஷா வருஷம் வள்ளி கல்யாண உற்சவம் நடக்கிறது. மேளம், பூ, மொய், சாப்பாடு. கடவுள் ஓடிப்போனால் திருக்கல்யாணம். கூலிக்காரன் மகன் ஓடிப்போனால் அரிவாளா?

இன்னொரு கதை. இந்திரன் வஞ்சகமாக அகலிகையிடம் வந்தான். தண்டனை என்ன? அவள் கல்லானாள். அவனுக்கோ உடம்பெல்லாம் ஆயிரம் கண். அதோடு தேவலோக நாற்காலியும் பத்திரமாக இருந்தது. குற்றவாளிக்கு ஆயிரம் கண், பாதிக்கப்பட்டவளுக்கு ஒரு கண்கூட இல்லாத கல். நம் புதுமைப்பித்தன் இதைச் சும்மா விடவில்லை. 1943-ல் 'சாப விமோசனம்' எழுதினார். அதில் உயிர் பெற்ற அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிப் போகிறாள். மனைவியைச் சந்தேகக் கண்ணோடு காவல் காக்கும் உலகத்தில் இருப்பதைவிடக் கல்லாக இருப்பது மேல் என்று அவள் முடிவு செய்கிறாள்.

நம் காலத்து எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல் 2013-ல் வந்தது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன் வேறு ஊர்ப் பெண் சரோஜாவைக் கட்டிக் கொண்டு வருகிறான். ஊர் என்ன செய்கிறது? பெண் என்ன ஜாதி என்று தெரியும்வரை கோவில் வரி வாங்க மாட்டோம் என்று ஒதுக்கி வைக்கிறது. அங்கேயும் அம்மன் பேரில்தான் தீர்ப்பு! ஆக, புராணமோ நாவலோ டீக்கடையோ, சாமி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சாமிக்காகப் பேசுகிறவர்கள்தான் பேசுகிறார்கள்.

யார் சொத்துக்கு யார் காவல்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பெண்ணை ஏன் இப்படிக் காவல் காக்கிறார்கள்?

1884-ல் ஏங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து பற்றிய தம் நூலில் விளக்கினார்: நிலமும் மாடும் தனி ஆளுக்குச் சொந்தமான பிறகு, அது தன் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பெண்ணைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. 1916-ல் டாக்டர் அம்பேத்கர் இந்திய ஜாதியைப் பற்றி எழுதும்போது இன்னும் நெருக்கிப் பிடித்தார்: ஜாதிக்குள்ளேயே கல்யாணம் என்பதுதான் ஜாதியின் உயிர்நாடி. அந்த ஒரு பூட்டு கழன்றால் வீடே சரியும்.

சரி, நிலமுள்ளவன் நிலத்துக்காகக் காவல் காக்கிறான். அவன் கணக்கு அவனுக்கு. ஆனால் கால் காணி நிலமில்லாத என் தோழனே, நீ எதற்காகக் காவல் காக்கிறாய்?

மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் நேற்றுவரை ஏரிப் பாசனத்தில் நடவு நட்டவர்கள் இருக்கிறார்கள். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது. அன்றைக்கு அந்த வயலில் கூலிக்கு நின்றவன் இன்றைக்கு அதே இடத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு செக்யூரிட்டியாக நிற்கிறான். பன்னிரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்து மூடுகிறான். லிஃப்டில் ஏறினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மதுரை வீரனுக்கு நேர்ந்தது இவனுக்கும் நேர்கிறது; காவலுக்கு அவன் வேண்டும், உள்ளே அவன் வேண்டாம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் இதே மனிதன் தன் மகளுடைய போனைப் பிடுங்கிப் பார்க்கிறான். பகலில் முதலாளி சொத்துக்குச் சம்பளக் காவல். இரவில் ஜாதித் தலைவன் சொத்துக்குச் சம்பளமில்லாக் காவல்!

மில் தொழிலாளிகளே, உங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று வைத்தார்களே, மறந்துவிட்டதா? ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, வெளியே விடாமல், போன் பேசவிடாமல் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாக ஆசை காட்டினார்கள். "பெண் பிள்ளைக்குப் பத்திரமான இடம்" என்று பெற்றோரிடம் சொன்னார்கள். யாருக்குப் பத்திரம்? சங்கம் உள்ளே நுழையாமல் முதலாளிக்குப் பத்திரம்! பெண்ணின் மானத்தைக் காக்கிறோம் என்று எவன் சொன்னாலும், அவன் பூட்டின் சாவி எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பாருங்கள்.

வயலில் இரண்டு ஜாதிக்காரரும் ஒன்றாய்க் குனிந்து நடவு நடுகிறார்கள். கூலி உயர்வு கேட்கும்போது ஒன்றாய் நிமிர்ந்தால் மிராசுதார் என்ன ஆவார்? அவர்கள் பிள்ளைகள் சம்பந்தி ஆகிவிட்டால் பிரிப்பது எப்படி? ஆகவேதான் அவருக்கு இந்தக் காதல் கண்ணில் குத்துகிறது. நமக்கு ஏன் குத்த வேண்டும்?

நம் வாசலில் விழுந்த ரத்தம்

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். மேடவாக்கத்துக்குப் பக்கத்து ஊர் பள்ளிக்கரணை. 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு தலித் வாலிபர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலித்தவளைக் கல்யாணம் செய்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனைவியின் அண்ணன் உள்ளிட்ட சிலர் கைதானார்கள். இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக் கொண்டாள். தாம்பரம் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிறோமே, அந்த வழியில்தான் இது நடந்தது.

2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகி, முருகேசன் என்ற தம்பதிக்கு விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 18 வருஷம் ஆயிற்று. 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் மென்பொருள் ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதில் குற்றம் சாட்டப்பட்டவரின் தாய் தந்தை இருவரும் காவல்துறை உதவி ஆய்வாளர்கள். தந்தையும் கைதானார். காவல், காவல் என்கிறோமே, அந்தச் சட்டைக்குள்ளும் ஜாதி உட்கார்ந்திருக்கிறது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்

ஊரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் மட்டும் நல்லவனாய் ஒதுங்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தொழிற்சாலைத் தோழர் என்னிடம் வந்தார். வேலைநிறுத்தத்தில் என்னோடு தடியடி வாங்கியவர். "என் பொண்ணு வேற ஜாதிப் பையனோட பேசறா. நீங்க சொன்னா கேப்பா, தோழர்" என்றார். நான் போனேன். "படிப்பை முடிம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று அந்தப் பெண்ணிடம் இதமாகச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். ஒரே மாதத்தில் சொந்தத்தில் ஒருவனுக்கு அவளைக் கட்டி வைத்துவிட்டார்கள். அவள் விரும்பியது ஒரு கொத்தனார் மகனை. நல்ல பையன், நம் வாலிபர் சங்கத்தில் இருந்தவன்.

அன்றைக்கு நான் செய்தது என்ன? செங்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜாதிக் கதவுக்குக் காவல் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தத் தோழர் நன்றிகூடச் சொன்னார். அந்த நன்றிதான் இன்றுவரை உறுத்துகிறது.

காவலைத் திருப்பிப் போடுவோம்!

இங்கே நம்முடைய பகுத்தறிவு நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள்: "சாமியே பொய் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? வீரன், பட்டன் என்று ஏன் சுமக்கிறாய்?" நண்பர்களே, சாமி இருக்கிறதா இல்லையா என்ற வழக்கை இன்றைக்கு நான் எடுக்கவில்லை. கல்லில் சாமி இல்லாமல் இருக்கலாம். அந்தக் கல்லின் அடியில் ஒரு கொலை இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் கல்லை மட்டும் உடைத்தால், கொலைகாரனுக்குத்தான் லாபம்.

சட்டமும் சும்மா இல்லை. நாம்தான் அதைக் கையில் எடுப்பதில்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தால் குடும்பமோ ஊரோ ஜாதிப் பஞ்சாயத்தோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டம்தோறும் தனிப் பிரிவு, ஜோடிகள் தங்கப் பாதுகாப்பு வீடு, உதவிக்கு இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி என்று உத்தரவும் போட்டது. தனிச்சட்டம் வேண்டும் என்று பல வருஷப் போராட்டம். 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆணையம் நல்லது. ஆனால் அரிவாள் ஆணைய அறிக்கைக்காகக் காத்திருக்காது.

ஆகவே நம் வேலை நம்மிடம் இருக்கிறது. ஒரு ஜோடி நம் அலுவலகக் கதவைத் தட்டினால், முதலில் சோறு போடுங்கள். வயதுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். "அப்பாவுக்குப் போன் பண்ணிப் பேசுவோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். வக்கீலைக் கூப்பிடுங்கள். போலீஸ் நிலையத்துக்கு அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். பத்துப் பேர் கூடப் போங்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து நீங்கள் போடுங்கள். 2024 ஜூனில் பாளையங்கோட்டையில் இப்படி ஒரு கல்யாணம் நடத்தி வைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். கண்ணாடி உடைந்தது, கல்யாணம் உடையவில்லை!

கூட்ரோடு டீக்கடையில் தலையாட்டிய அந்த இரண்டு தோழர்களுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் இருவரையும் எனக்குத் தெரியும். நீங்கள் கெட்டவர்கள் அல்ல. இரவுக் காவல் உங்களுக்குப் பழக்கம். இனி ஒரு காரியம் செய்யுங்கள். ஓடிப்போன அந்தப் பெண்ணும் பையனும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெரியவருக்குச் சொல்வதற்காக அல்ல. அவர்கள் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு வாரம், முறை வைத்து, நாம் உட்காருவதற்காக. நானும் ஒரு முறை எடுத்துக் கொள்கிறேன். எனக்குத் தீர்க்க வேண்டிய பழைய கடன் ஒன்று இருக்கிறது.

மதுரை வீரனுக்கு ஒரு கோவில் போதும். இன்னொரு வீரனுக்கு நாம் கல் நட வேண்டாம். அவன் பொம்மியோடு குடித்தனம் பண்ணி, பிள்ளை பெற்று, ரேஷன் கடை வரிசையில் நம்மோடு நிற்கட்டும்!